இரும்பு உடம்புக்குள் துருப்பிடிக்குமா?

கேள்வி:

நாங்கள் பெங்களூர் அல்சூரில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். என் மகளுக்குப் பதினேழு வயது, பி.யு.சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். கல்லூரியில் முகாம் வைத்து விரலில் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.6 என்றார்கள். பயந்துபோய் வெளியே லேபில் கையில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், 10.8 வந்தது. எதை நம்புவது? டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டையில் ‘ஃபெரஸ் அஸ்கார்பேட்’ என்று போட்டிருக்கிறது. ரேஷன் அரிசியில் கலந்து வருவது ‘ஃபெரிக் பைரோபாஸ்பேட்’ என்கிறார்கள். என் வீட்டுக்காரர் பீன்யாவில் லேத் பட்டறையில் இருந்தவர். ஃபெரிக் என்றால் துரு, துருவைத் தின்று என்ன பிரயோஜனம், நல்ல இரும்பே உள்ளே போனாலும் துருப்பிடிக்கத்தானே செய்யும் என்கிறார். மகளோ, ஆக்சிடேஷன் கெடுதல் என்பதால்தானே ஆன்டி-ஆக்சிடன்ட் என்று விற்கிறார்கள் என்று கேட்கிறாள். நிஜமாகவே ரத்தத்தில் இரும்பு துருப்பிடிக்குமா? தின்றதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். இரும்புச்சத்து ஆராய்ச்சிக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ரேடியேஷன் கலந்த சாப்பாடு தருவார்களாமே, அனுப்பலாமா?

— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி இல்லாவிட்டால் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நின்றால் அதற்கு ஃபெரஸ் என்று பெயர். மூன்றாவதையும் இழந்தால் ஃபெரிக். அந்த மூன்றாவது எலக்ட்ரானைப் பறிகொடுப்பதுதான் நாம் இங்கே பேசும் ஆக்சிஜனேற்றம். திரும்பப் பெற்றால் ஒடுக்கம். பட்டறையில் துருவாகிப்போகும் இரும்பும் கடைசியில் வந்து நிற்பது ஃபெரிக் நிலையில்தான். ஆனால் பட்டறைக் கம்பி ஒருமுறை துருவானால் தானாகத் திரும்பாது. உடம்பில் உள்ள இரும்பு திரும்பும். ஒரே அணு சாப்பாட்டிலிருந்து ரத்தச் சிவப்பணு வரை போய்ச் சேர்வதற்குள் பலமுறை எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குகிறது.

அந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கீரை, பருப்பு, ராகி, அரிசி இவற்றில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக். வயிற்று அமிலம் அதைக் கரைக்கிறது. இரைப்பைக்கு அடுத்த முன்சிறுகுடலின் சுவரில் ஒரு நொதி இருக்கிறது, டியோடினல் சைட்டோகுரோம் பி என்று பெயர், 2001ல் லண்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அது ஃபெரிக்குக்கு ஓர் எலக்ட்ரானைத் தந்து ஃபெரஸ் ஆக்குகிறது. சாப்பாட்டில் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பக்கத்திலேயே இருக்கும் டி.எம்.டி.1 என்ற புரதம் ஃபெரஸை மட்டுமே குடல் செல்லுக்குள் விடும். ஆகவே ரேஷன் அரிசியில் இருப்பது ஃபெரிக் என்பதற்காக அது வீண் என்று ஆகாது. உங்கள் மாத்திரை முதலிலேயே ஃபெரஸாகவும், கூடவே வைட்டமின் சி-யோடும் வருவதால் இந்தப் படியை எளிதாகத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

குடல் செல்லின் மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் வழியாக இரும்பு ரத்தத்துக்கு வெளியேறுகிறது, ஃபெரஸாகவே. அங்கேதான் நீங்கள் கேட்ட ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. ஹெபஸ்டின் என்ற நொதி செல்லின் ஓரத்திலேயே இருந்துகொண்டு அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஃபெரிக் ஆக்குகிறது. ரத்தத்தில் மிதக்கும் செருலோபிளாஸ்மின் என்ற இன்னொரு நொதியும் இதையே செய்கிறது. ஏன் இவ்வளவு அவசரம்? ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஃபெரிக்கை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும், ஒரு மூலக்கூறுக்கு இரண்டு அணு வீதம். யாரும் பிடிக்காமல் தனியாக அலையும் ஃபெரஸ் ஆபத்தானது. உடம்பில் இயல்பாகவே கொஞ்சம் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் அது சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கு பிறக்கும். கொழுப்பு, புரதம், மரபணு எதையும் அது விட்டுவைக்காது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நடக்கும் வினையை ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894லேயே எழுதிவைத்தார்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆக்சிஜனேற்றம் என்றாலே கெடுதல் என்பது விளம்பரம் கற்றுக்கொடுத்தது. கட்டுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றம் அவளைக் காப்பாற்றுகிறது. கட்டில்லாமல் நடப்பதுதான் கெடுக்கிறது. வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதில் சாப்பாட்டிலிருந்து புதிதாக வருவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் 120 நாள் உழைத்து ஓய்ந்த பழைய சிவப்பணுக்களை உடைத்து எடுத்தது. அந்த இரும்பும் ரத்தத்துக்கு வரும்போது இதே போல ஃபெரிக் ஆகித்தான் டிரான்ஸ்ஃபெரினில் ஏறவேண்டும். மஜ்ஜையில் இறங்கியதும் மறுபடி ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஃபெரஸ் ஆகித்தான் ஹீமோகுளோபினின் ஹீம் என்ற பகுதிக்குள் நுழையவேண்டும்.

இந்த ஆக்சிஜனேற்றத்தை முதலில் எப்படி அளந்தார்கள் என்பது அழகான கதை. செருலோபிளாஸ்மின் ஒரு நீலநிறப் புரதம், உள்ளே செம்பு இருக்கிறது. 1948ல் ஸ்வீடனில் ஹோல்ம்பெர்க், லாரெல் இருவரும் அதைப் பிரித்தெடுத்தபோது அது என்ன வேலை செய்கிறது என்பது புரியவில்லை. 1966ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒசாகி, ஜான்சன், ஃப்ரீடன் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஃபெரஸ் இரும்புக் கரைசலில் இரும்பில்லாத டிரான்ஸ்ஃபெரினைச் சேர்த்தார்கள். நிறமில்லாத டிரான்ஸ்ஃபெரின் ஃபெரிக் இரும்பைப் பிடித்ததும் இளஞ்சிவப்பாகும். செருலோபிளாஸ்மினைச் சேர்த்ததும் அந்த நிறம் வேகமாக ஏறியது. 460 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நொடிக்கு நொடி பார்த்தாலே எவ்வளவு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் எலக்ட்ரான் இடம் மாறுவதை ஒரு நிறத்தின் வேகமாகப் படித்தார்கள்.

இதற்கும் பல ஆண்டுகள் முன்பே, 1928ல், விஸ்கான்சினில் ஹார்ட் என்பவரும் அவர் குழுவினரும் பாலை மட்டும் குடித்துச் சோகை பிடித்த எலிகளுக்குச் சுத்தமான இரும்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறவில்லை. துளியளவு செம்பு சேர்த்ததும் தேறின. ஏன் என்ற கேள்விக்கு இந்தச் செம்பு நொதிகளிடம்தான் விடை இருந்தது. பிறவியிலேயே செருலோபிளாஸ்மின் இல்லாத சிலர் உலகில் உண்டு. முதல் நோயாளியைப் பற்றி 1987ல் ஜப்பானிலிருந்து எழுதினார்கள். அவர்களுக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு, ஆனால் ஈரலிலும் கணையத்திலும் மூளையிலும் இரும்பு மண்டிக்கிடக்கும். இரும்பை ஆக்சிஜனேற்ற முடியாத உடம்புக்கு வரும் கேடு அது. உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இருக்க வாய்ப்பில்லை. சொல்ல வந்தது வேறு: மருத்துவர் சொல்லாமல் துத்தநாக மாத்திரைகளை மாதக்கணக்கில் தின்பவர்கள் நிறையப் பேர் இப்போது இருக்கிறார்கள். அளவுக்கு மீறிய துத்தநாகம் செம்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அதனாலும் சோகை வரும், இரும்பு மாத்திரைக்கு அது அசையாது.

துரு என்ற சொல்லுக்கு வருகிறேன். உடம்பில் அசல் துருவின் உறவுக்காரன் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மிச்சப்படும் இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதம் சேமிக்கிறது. 24 துண்டுகள் சேர்ந்த உள்ளீடற்ற உருண்டை அது, நெல்லைக் கொட்டி வைக்கும் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி அகலம் 12 நானோமீட்டர், உள்ளே 8. ஃபெரஸாக நுழையும் இரும்பை அதன் சுவரிலேயே இருக்கும் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றி ஃபெரிக் ஆக்கி உள்ளே படிய வைக்கிறது. 4,500 அணுக்கள் வரை பிடிக்கும். உள்ளே படிந்திருப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. பட்டறைத் துருவுக்கு மிக நெருக்கமான பொருள்தான். புரதத்துக்குள் அடைபட்டிருப்பதால் யாரையும் துன்புறுத்தாது, வேண்டும்போது கரைத்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

சரி, ரத்தத்தில்? சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் மட்டும் கதை நேர்மாறு. அங்கே இரும்பு ஃபெரஸாகவே இருந்தாக வேண்டும், அப்போதுதான் ஆக்சிஜனைப் பிடித்து விடுவிக்க முடியும். ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வது வேறு, ஆக்சிஜனேற்றம் வேறு. இருந்தாலும் ஆக்சிஜனோடு சதா புழங்குவதால் ஒரு நாளில் ஹீமோகுளோபினில் சுமார் 3 சதவீதம் வரை ஃபெரிக்காக மாறிவிடுகிறது. அதற்கு மெட்ஹீமோகுளோபின் என்று பெயர், அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற நொதி ஓயாமல் அதைத் திருத்திக்கொண்டே இருப்பதால் எந்த நேரத்தில் பார்த்தாலும் நம்மிடம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சில மருந்துகள், நைட்ரேட் மிகுந்த கிணற்று நீர் இவற்றால் அது ஏறும். குறிப்பாகப் பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த நொதி இன்னும் பலம்பெற்றிருக்காது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்று வைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். போர்வெல் நீரில் பால்பவுடர் கலக்கும் வீடுகள் நீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. மெட்ஹீமோகுளோபின் ஏறிய ரத்தம் சாக்லேட் பழுப்பாக இருக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 630 நானோமீட்டர் அருகே அது ஒளியை உறிஞ்சும். சயனைடு துளி சேர்த்தால் அந்த உறிஞ்சல் மறைந்துவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசமே மெட்ஹீமோகுளோபினின் அளவு. ஈவலின், மல்லாய் இருவரும் 1938ல் சொன்ன முறை இது. இப்போது பெரிய மருத்துவமனைகளில் கோ-ஆக்சிமீட்டர் என்ற கருவி பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் அளந்து சொல்லிவிடுகிறது.

உங்கள் மகளின் ஹீமோகுளோபினை அளந்ததும்கூட அநேகமாக இரும்பை ஆக்சிஜனேற்றித்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? நெடுங்காலம் தரமாக இருந்த டிராப்கின் முறையில் ரத்தத்தில் பொட்டாசியம் ஃபெரிசயனைடைக் கலந்து ஹீமோகுளோபின் இரும்பு முழுவதையும் ஃபெரிக் ஆக்குவார்கள். பிறகு சயனைடு அதைப் பிடித்து நிலையான நிறம் தரும், 540 நானோமீட்டரில் அளப்பார்கள். முகாம்களில் அதிகம் பயன்பட்ட ஹீமோகியூ 201 கருவியின் சின்னத் தட்டுக்குள் சோடியம் நைட்ரைட் இருக்கும். அதுவும் ஃபெரஸை ஃபெரிக் ஆக்கும், அசைடு வந்து பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்படியானால் 9.6 எது, 10.8 எது? கருவிமேல் மட்டும் பழி போட வேண்டாம். விரல் நுனியிலிருந்து வரும் சொட்டு அழுத்தி எடுத்தால் திசுநீர் கலந்து நீர்த்துவிடும். விரலுக்கு விரல், சொட்டுக்குச் சொட்டு மாறும். நாட்டளவிலேயே இந்தக் குழப்பம் உண்டு. 2015–16ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு விரல் ரத்தத்தில் பார்த்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதத்துக்கு மேல் சோகை என்றது. 2016–18ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சிரை ரத்தத்தில் பார்த்து, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் சின்ன வேறுபாடு இருந்தாலும் இத்தனை இடைவெளிக்கு ரத்தம் எடுத்த விதத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆகவே 10.8ஐ நம்புங்கள். ஆனால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அவள் வயதுப் பெண்ணுக்கு 12 இருக்கவேண்டும், 11க்குக் கீழே என்றால் நடுத்தரச் சோகை.

ஹீமோகுளோபின் எண் மட்டும் ‘இரும்பு குறைவு’ என்று சொல்வதில்லை என்பதை நம் ஊரில் போதிய அளவு யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. தலசீமியா மரபு உள்ளவர்களுக்கும் குறையும், பி12 குறைந்தாலும் குறையும். லேபில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். அவள் வயதில் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது பார்க்காதீர்கள், ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ‘சீரம் அயர்ன்’ என்று ஒரு சோதனையும் பட்டியலில் இருக்கும். டிரான்ஸ்ஃபெரினில் உள்ள ஃபெரிக்கை அமிலத்தால் பிரித்து, ஃபெரஸாக ஒடுக்கி, ஃபெரோசின் போன்ற சாயத்தோடு சேர்த்து, தோன்றும் ஊதாவை 562 நானோமீட்டரில் அளப்பது அது. காலை ஒன்று மாலை ஒன்று என்று மாறும், தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

தின்றதில் எவ்வளவு சேர்ந்தது? உங்கள் கேள்விகளிலேயே இதுதான் கடினமானது. இதற்கு விடை தேடியவர்களில் சிலர் உங்கள் ஊர்க்காரர்கள், கோரமங்களாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தினர்.

இரும்பில் எடை மாறுபட்ட நான்கு ஐசோடோப்புகள் இயற்கையில் உண்டு: 54, 56, 57, 58. நூற்றுக்கு 92 பங்கு 56தான். 57 சுமார் 2 பங்கு, 58 கால் பங்குக்குச் சற்று மேல். நான்குமே கதிரியக்கம் இல்லாதவை, நீங்கள் இன்று காலை சாப்பிட்டதிலும் நான்கும் இருந்தன. அரிதான 57ஐ அல்லது 58ஐச் செறிவாக்கி, சாப்பாட்டில் சில மில்லிகிராம் சேர்த்து, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உடம்பில் சேர்ந்த இரும்பில் பெரும்பகுதி, ஏறத்தாழ 80 சதவீதம், இரண்டு வாரத்தில் புதிய சிவப்பணுக்களுக்குள் போய்விடும். 14 நாள் கழித்து ரத்தம் எடுத்து நிறை நிறமாலைமானியில் 57க்கும் 56க்கும் உள்ள விகிதம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மொத்த ரத்த அளவைக் கணக்கிட்டு, உள்ளே போன பங்கைச் சொல்லிவிடலாம். ஒரு நாள் 57, அடுத்த நாள் 58 என்று இரண்டு வகைச் சாப்பாட்டை ஒரே பெண்ணிடம் ஒப்பிடலாம்.

செயின்ட் ஜான்ஸில் பிரசாந்த் தங்கச்சன், சுமித்ரா முத்தையா, அனுரா குர்பாட் ஆகியோர் ஜூரிச்சைச் சேர்ந்த வால்சிக், ஹரல் ஆகியோருடன் சேர்ந்து பெங்களூர் இளம்பெண்களிடம் இதைச் செய்து 2008ல் வெளியிட்டார்கள். சோற்றுச் சாப்பாடு. ஒருமுறை தேநீரோடு, ஒருமுறை தேநீரில்லாமல், ஒருமுறை வைட்டமின் சி-யோடு. ஒரு கப் தேநீர் சேர்ந்ததும் உடம்பில் சேரும் இரும்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. இரண்டு கப் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. வைட்டமின் சி சேர்ந்ததும் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. சோகை உள்ள பெண்களின் குடல் மற்றவர்களைவிட அதிகமாக இழுத்துக்கொண்டது, உடம்புக்குத் தன் பசி தெரிகிறது. ஆனால் தேநீரின் தடை இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தது. பசித்த உடம்பையும் தேநீர் விடவில்லை. தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். காபியிலும் அவை உண்டு, ஆகவே சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி என்ற பழக்கத்துக்கும் இது பொருந்தும். ராகியிலும் இரும்பு சேர்வதைத் தடுக்கும் பாலிஃபீனால், ஃபைட்டேட், கால்சியம் மூன்றும் இருப்பதால் 100 கிராமில் 4.6 மில்லிகிராம் இரும்பு இருந்தும் அதில் சொற்பமே சேரும். முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட் குறையும்.

57ஐப் பற்றி இன்னொன்று சொல்ல ஆசை. இதே அணுக்கருதான் இரும்பு ஃபெரஸா ஃபெரிக்கா என்று நேரடியாகப் படிக்கவும் உதவுகிறது. இதற்கு அடிப்படை 1958ல் ருடால்ஃப் மோஸ்பவர் கண்ட விளைவு, 1961ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. காமாக் கதிர் மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைத்தால் 57 அணுக்கரு எந்த வேகத்தில் கதிரை விழுங்குகிறது என்பது அதைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்து மாறும். ஃபெரிட்டினுக்குள் இருப்பது ஃபெரிக் ஆக்சைடுதான் என்பதை இப்படியும் உறுதிசெய்தார்கள். இது மாதிரிகளில் செய்வது, ஆளுக்குச் செய்வதல்ல.

ரேடியேஷன் பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது, அது ஆதாரமில்லாத பயமும் இல்லை. ஒரு காலத்தில் இரும்பு 55, 59 என்ற கதிரியக்க ஐசோடோப்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். 1969ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தெற்காசியாவிலிருந்து குடிபெயர்ந்த 21 பெண்களுக்கு, இரும்பு 59 கலந்த மாவில் சுட்ட சப்பாத்திகளைத் தினம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு ஹார்வெல் அணு ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப்போய் உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாத அந்தப் பெண்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது சரியாகச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டு 1995ல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் வெளிப்பட்டது. 2023ல் மறுபடி விசாரணை கோரினார்கள். கேட்ட அறிவியல் கேள்வி நியாயமானது. கேட்ட விதம் அநியாயம். சாப்பிட்டவர்களிடம் சொல்லாமல் அவர்கள் சாப்பாட்டைச் சோதித்தது எந்த அளவு கதிர் என்றாலும் தவறுதான். கோரமங்களா ஆய்வு போல இன்று பெண்களிடமும் குழந்தைகளிடமும் நடப்பவை கதிரியக்கமில்லாத ஐசோடோப்புகளைக் கொண்டவை.

மாத்திரைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. உங்கள் மகள் 45 கிலோ என்றால் உடம்பில் சுமார் 3 லிட்டர் ரத்தம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு. 10.8ஐ 12.5 ஆக்க 50 கிராம் ஹீமோகுளோபின், அதாவது 170 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே சேர வேண்டும். சாப்பாட்டில் தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் சேரும், அதில் ஒன்று போல இழப்பும் உண்டு, மாதவிடாய் நாட்களில் கூடுதலாக. பேரீச்சையும் பீட்ரூட்டும் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மாத்திரை வேண்டும், சில மாதங்களுக்கு வேண்டும், ஃபெரிட்டின் நிரம்பும் வரை வேண்டும்.

தினமுமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ஃபெரோபோர்ட்டினை அடைக்கிறது. அது தணிய ஒரு நாள் ஆகும். ஜூரிச்சில் இதே ஐசோடோப்பு முறையில் இளம்பெண்களிடம் அளந்து 2017ல் வெளியிட்டபோது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்ததில் 21.8 சதவீதமும், நாள் தவறாமல் கொடுத்ததில் 16.3 சதவீதமும் சேர்ந்தது தெரிந்தது. வயிற்றுப் புரட்டலும் இதில் குறையலாம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போனால் பயப்படவேண்டாம், சேராமல் மிஞ்சிய இரும்பு அது. அட்டையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஏழெட்டு மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிய குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ரேஷன் அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கலாம் என்பது விதி. அது கரைவதற்குக் கடினமான ஃபெரிக் உப்பு, ஆனால் முழுக்க வீணல்ல. பெங்களூர்ப் பள்ளிக் குழந்தைகளிடம் அப்படிச் செறிவூட்டிய அரிசியைக் கொடுத்து 2006ல் வெளியான ஆய்வில் இரும்புக் குறைபாடு, கட்டுப்பாட்டுக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது. அதேசமயம் செறிவூட்டிய அரிசி, செறிவூட்டிய உப்பு, பள்ளியில் வாராந்தர மாத்திரை, வீட்டில் டாக்டர் மாத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது சரியா என்று குர்பாட் முதலானோர் 2021ல் எழுப்பிய எச்சரிக்கையையும் நான் மதிக்கிறேன். இரும்பைத் தேவைக்குமேல் ஏற்றினால் வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, சேமிப்பதற்கு மட்டுமே வழி உண்டு. குறைபாடு இருக்கிறது என்று அளந்து தெரிந்தவருக்குத் தயங்காமல் கொடுக்க வேண்டும், அளக்காதவருக்கு அள்ளிக் கொடுக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு மாத்திரை நடக்கும் மாதங்களில் கல்லூரியில் தரும் வாராந்தர மாத்திரை வேண்டுமா என்று அதே மருத்துவரே முடிவு செய்யட்டும்.

ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். ஐசோடோப்பு எது என்று கேளுங்கள், 54, 57, 58 என்றால் கதிர்வீச்சு இல்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, எத்தனை முறை எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, முடிவை உங்களிடம் சொல்வார்களா என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில், தமிழிலோ கன்னடத்திலோ, எழுதித் தரச் சொல்லுங்கள். சோகை உறுதியாகியிருப்பதால் முதலில் சிகிச்சை, பிறகுதான் ஆராய்ச்சி என்பது என் எண்ணம். அவளுக்கு இன்னும் 18 நிறையவில்லை, ஆகவே பெற்றோராகிய உங்கள் கையெழுத்தும் வேண்டும், அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். அவள் வேண்டாம் என்றால் நடுவில் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.